தாராபுரத்திலிருந்து டேங்க் ரோட்டுக்கு ஒரு தைப்பூசப் பயணம்

தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தை அடைய, தாராபுரத்திலிருந்து முதல் நாள் மாலையே எங்கள் பாதயாத்திரைக் குழு புறப்பட்டுவிடும். சுமார் 35 கி.மீ. தூரத்தை, வழியில் அன்னதானப் பந்தல்களில் இளைப்பாறி நடந்தால் பத்து, பத்தரை மணி நேரமாகும். பதினொரு ஆண்டுகள் தவறாமல் நடந்த நான், மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் செல்ல வேண்டியிருந்ததால் ஒரு தைப்பூசத்தை அங்கே கழித்தேன்.

கோவைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,150 கி.மீ. நேரடி விமானம் நாலேகால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. நாகப்பட்டினம் வழியாகச் சென்ற ‘சிதம்பரம்’ கப்பலில் ஒரு வாரம் வரை கடலில் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது எத்தனை பெரிய வரம்! ஆனால் மாலை ஐந்தரைக்கு வீட்டைவிட்டு இறங்கி, பீளமேடு விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து, பத்தரைக்குப் பறந்து, மகளின் வீட்டு வாசலை மிதித்தபோது என் கைக்கடிகாரத்தில் விடியற்காலை நான்கு மணி. அதே பத்தரை மணி நேரம்! பழனிக்கு நடக்கும் பொழுதுதான் இதற்கும் ஆகிறது என்றறிந்தபோது, யாத்திரை விட்டுப்போயிற்றே என்றிருந்த என் மனம் ஆறியது. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. ஆயினும் திரும்பும் வரை நான் கைக்கடிகாரத்தை மாற்றவேயில்லை.

அங்கே பால்குடங்கள் தைப்பூசத்துக்கு முந்தைய நள்ளிரவை ஒட்டியே சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படத் தொடங்குகின்றன. மாமன் கோயிலில் குடமெடுத்து மருமகனிடம் சேர்ப்பது எவ்வளவு பொருத்தம்! டேங்க் ரோட்டில் 1859-ஆம் ஆண்டு நகரத்தார் எழுப்பிய ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தூரம். அந்நாட்டில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இல்லையாதலால், பலர் இரவிலேயே குடம் சுமந்து முடித்துவிட்டு வேலைக்குச் செல்கின்றனர். அந்தப் பக்தியைக் கண்டு நான் கலங்கி நின்றேன்.

நான் குடத்தைத் தலையில் ஏற்றியபோது அங்கே அதிகாலை நான்கு மணி, நம்மூரில் ஒன்றரை. என் குழுவினர் பனியில் நடந்துகொண்டிருக்கும் நேரம் அது. அங்கும் ‘அரோகரா’, இங்கும் ‘அரோகரா’. சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைக் காவடியாகத் தோளில் தூக்கி வந்த இடும்பனை எண்ணிக்கொண்டதில், குடத்தின் கனம் தெரியவில்லை. கோயிலை அடைந்து பாலைச் சேர்ப்பித்துவிட்டு முருகன் முன் நின்றபோது, பழனியில் நிற்பவனும் இவனும் எனக்கு வேறாகத் தோன்றவில்லை.

காலை ஒன்பதரைக்குக் குருசாமி அழைத்தார். “அம்முணி, அடிவாரம் வந்துட்டோமுங்க. உங்க பேருக்கும் ஒரு தேங்காய் உடைச்சாச்சுங்க” என்றார். என் கைக்கடிகாரம் ஏழு மணி காட்டிற்று. அவர்கள் ஏற வேண்டிய 693 படிகள் இன்னும் இருந்தன. நான் பேத்தியை மடியில் கிடத்திக்கொண்டு, அவர்கள் மலையேறி முடிக்கும்வரை கந்தர் சஷ்டி கவசத்தைச் சொல்லியபடி அமர்ந்திருந்தேன்.