அட்டை வைத்த ஷூ

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒரு மார்மன், அதாவது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 19 வயதில் மதம் பரப்பும் ஊழியத்துக்காகப் பிரேசில் போனவர். பையன்களுக்கு 2 வருடம், சம்பளம் கிடையாது. காலை ஆறரைக்கு எழுந்து வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் ‘எல்டர்’ (ஊழியம் செய்யும் பையன்களின் பட்டம்) என்ற கறுப்புப் பெயர்ப்பட்டையோடு கிளம்ப வேண்டியிருந்ததாம்.

"முகத்தில் கதவைச் சாத்துவதுகூடப் பழகிடும், கூட வர்ற ஆள்தான் கஷ்டம்" என்றார். ஊழியத்தில் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும், குளியலறை தவிர எங்கேயும் தனியாகப் போகக் கூடாதாம். ஒருத்தரோடு 3 மாதம் பேச்சே இல்லை, ஆனால் ஒரே அறை, ஒரே சட்டிச் சோறு! அப்போதெல்லாம் வீட்டுக்குப் போன் வருடத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். வாராவாரம் பேசலாம் என்று விதி மாறியது 2019-ல்தான். முதல் போனில் பாதி நேரம் அழுகையிலேயே போய்விட்டதாம்.

சரி, நல்லதே இல்லையா என்றேன். ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னார். அவர் கடைசிவரை மதம் மாறவில்லை. மழையில் நனைந்து நின்ற இருவருக்கும் சோறும் பீன்ஸும் போட்டு, இவருடைய ஷூ ஓட்டைக்கு அட்டை வெட்டி உள்ளே வைத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்த மதத்தில் நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம். அந்த ஷூ இன்னும் நண்பர் வீட்டு கராஜில் இருக்கிறது, அட்டையோடு.