ஸ்ட்ராபெரி கிரீம், ஆறாவது முறை: இனிப்பைக் குறைத்த பிறகு எழும்பிய பழம்

மின்சிகரெட்டுக்காக நானே ஐந்து முறை கலந்து ஐந்து முறையும் சப்பென்று போன ஸ்ட்ராபெரி கிரீம் திரவம், ஆறாவது முறையில்தான் பழமாக வாயில் நின்றது. எசன்ஸை மாற்றவில்லை, கிரீமை மாற்றவில்லை, திரவத்தின் அடிப்படையான பிஜி-விஜி (புரோப்பிலீன் கிளைக்கால்-காய்கறி கிளிசரின்) விகிதமும் அதே 30-70 தான். மாறியவை சேர்மானங்கள் மட்டுமே: இனிப்பு மணம் தரும் எத்தில் மால்ட்டாலைக் கால் பங்காக்கினேன், செயற்கை இனிப்பான சுக்ரலோஸை முழுவதுமாக எடுத்துவிட்டேன், புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தை மிகச் சிறிய அளவில் சேர்த்தேன். நான் கலப்பது நிகோடின் இல்லாத திரவம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நிகோடின் உள்ள திரவத்தில் அமிலம் சேர்ந்தால் நிகோடினே உப்பு வடிவத்துக்குப் போகத் தொடங்கித் தொண்டையில் உறைப்பது குறைந்துவிடும், அப்போது மாறியது சுவையா உறைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பழைய ஐந்து கலவைகளிலும் நான் செய்த தவறு ஒன்றுதான். ஸ்ட்ராபெரி மங்கலாக இருக்கிறது என்று தோன்றியபோதெல்லாம் இனிப்பு போதவில்லை என்று முடிவு செய்து, 10 சதவீத எத்தில் மால்ட்டால் கரைசலை அரை சதவீதத்தில் தொடங்கி இரண்டு சதவீதம் வரை ஏற்றிக்கொண்டே போனேன். பஞ்சுமிட்டாய் மணம் வந்தது, பழம் வரவில்லை. எத்தில் மால்ட்டால் குறைந்த அளவில் பழத்தை உருண்டு திரளச் செய்கிறது, அளவு மீறினால் எல்லாச் சுவைகளின் மீதும் ஒரு போர்வையை விரித்துவிடுகிறது. அதை மீறி மேலே எழட்டும் என்று சுக்ரலோஸைச் சேர்த்தபோது, மூன்றாம் நாளே காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) கருகிப் பஞ்சு பழுப்பாகிவிட்டது. சுக்ரலோஸ் ஆவியாகிப் போவதில்லை. சூட்டில் சிதைந்து காயிலிலேயே படிகிறது, அப்படிச் சிதையும்போது குளோரின் கொண்ட சேர்மங்களும் உண்டாகின்றன. காயிலுக்காக மட்டுமல்ல, நுரையீரலுக்காகவும் அதை இனி என் அலமாரியில் வைப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

மாலிக் அமிலம் ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமானது. ஸ்ட்ராபெரியிலும் சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து இருக்கிறது. நாக்கு பழம் என்று அடையாளம் காண்பதற்கு இனிப்போடு புளிப்பும் வேண்டும் என்பது சமைக்கிற எவருக்கும் தெரிந்த செய்தி, ஆனாலும் கலவைப் புட்டியின் முன் உட்காரும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. முதலில் ஒரு விற்பனையாளரிடம் தயார் நிலைக் கரைசலை வாங்கினேன். புட்டியின் மேல் ‘புளிப்புச் சேர்மானம்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. அது எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்று எதுவும் இல்லை, கேட்டதற்கும் பதில் வரவில்லை. சேர்மானம் விற்பவர்கள் குறைந்தது இந்த இரண்டையாவது புட்டியில் அச்சிட வேண்டும். இல்லையேல் வாங்குபவர் எந்த அளவைக் கொண்டு கணக்கிடுவது? அந்தப் புட்டியைத் திறக்காமலேயே ஒதுக்கிவிட்டு, தூள் மாலிக் அமிலத்தை வாங்கி, 10 கிராமை 90 கிராம் பிஜியில் கரைத்து 10 சதவீதக் கரைசலை நானே செய்துகொண்டேன். வெந்நீரில் புட்டியை நிறுத்தி அவ்வப்போது குலுக்கினால் தெளிவாகக் கரைந்துவிடுகிறது.

இந்த முறை என்னை அதிகம் அலைக்கழித்தது எடை போடும் கட்டம்தான், ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் தராசு 0.01 கிராம் வரை காட்டும். சொட்டுப் புட்டியிலிருந்து விழும் ஒரு பிஜி சொட்டின் எடை ஏறத்தாழ 0.025 கிராம். இருபது கிராம் கலவைக்கு அரை சதவீதம் என்றால் 0.10 கிராம், அதாவது நான்கே சொட்டு. கலவைப் புட்டியை வைத்துப் பூஜ்ஜியப்படுத்திவிட்டு மெதுவாக ஒரு சொட்டு விட்டேன், தராசு 0.00 என்றே நின்றது. இன்னொன்று விட்டேன், 0.02 காட்டியது. முதல் சொட்டு எங்கே போனது என்று நெடுநேரம் புரியவில்லை. 0.00 காட்டும் நிலையில் மிக மெல்ல ஏறும் எடையைப் பல மின்தராசுகள் தம்முடைய நகர்வுப் பிழை என்று எடுத்துக்கொண்டு தாமே பூஜ்ஜியத்துக்குத் திருத்திக்கொள்கின்றன என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நான்கு சொட்டில் ஒன்று கணக்கில் வராமல் போனால் கால் பங்குப் பிழை. என் பழைய குறிப்புகளில் உள்ள சேர்மான அளவுகள் எதையும் அப்படியே நம்ப முடியாது என்பது இதனால் எனக்கு வருத்தத்தைத் தந்தது.

இதற்கு இரண்டு மாற்றங்களைச் செய்தேன். பூஜ்ஜியப்படுத்துவதை விட்டுவிட்டு, புட்டியின் முழு எடையைக் குறித்துக்கொண்டு (என் புட்டியில் 34.62), அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்று கழித்துப் பார்க்கிறேன், பூஜ்ஜியத்தில் இல்லாதபோது தராசு அந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை, முதல் சொட்டே கணக்கில் வருகிறது. அடுத்து, 10 சதவீத அமிலக் கரைசலை ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து 2 சதவீதமாக்கிக்கொண்டேன். 0.10 கிராம் இட வேண்டிய இடத்தில் இப்போது 0.50 கிராம் இடலாம் என்பதால் தராசின் பிழை ஐந்தில் ஒன்றாகிறது. ஒரு சதவீதக் கரைசலாகவும் செய்து பார்த்தேன். ஆனால் அதில் ஒரு கிராம் கூடுதல் பிஜி சேர்ந்து இருபது கிராம் கலவையைக் கண்கூடாக இளக்கிவிடுகிறது, ஆகவே 2 சதவீதமே சரியான நடுவிடம்.

ஸ்ட்ராபெரி 6, கிரீம் 2.5, 10 சதவீத வெனிலின் (வெனிலாவின் மணப்பொருள்) கரைசல் 0.5, எத்தில் மால்ட்டால் கரைசல் 0.5 என்ற சதவீதத்தில் 80 கிராம் கலந்து, நான்கு புட்டிகளில் இருபது இருபதாகப் பிரித்தேன். ஒன்றில் அமிலம் இல்லை. மற்ற மூன்றில் 10 சதவீதக் கரைசலின் கணக்கில் 0.25, 0.5, 1 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் புதுப் பஞ்சு, கழுவிய டிரிப்பர் (காயில் மீது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இழுக்கும் முகப்பு), ஒரு நாளைக்கு இரண்டு புட்டிக்கு மேல் இல்லை; மூன்றாவதற்குப் போனால் மூக்கு மரத்து, எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. 0.25 இல் வேறுபாடு இருக்கிறது என்று விரும்பினால் சொல்லலாம், அவ்வளவுதான். 1 சதவீதத்தில் பழம் காயாகிவிட்டது, மூச்சை விடும்போது தொண்டையின் ஓரத்தில் கீறியது. 0.5 இல், இழுத்த கணத்தில் கிரீம் முன்னால் வந்து, அது விலகும்போது கன்னத்தின் உட்பக்கத்தில் எச்சில் ஊற, கனிந்த ஸ்ட்ராபெரியின் தோல் பக்கத்துப் புளிப்பு தெரிந்தது. ஐந்து கலவைகளாக நான் தேடியது அதைத்தான். அன்றிரவு அந்தப் புட்டியை நாலைந்து முறை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தில் மால்ட்டாலைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 10 சதவீதம் என்பது பிஜியின் கரைக்கும் திறனையே கடந்த அளவு, ஆகவே குளிர்ந்த அறையில் அடியில் படிகமாக இறங்கிவிடும். மேலே இருக்கும் தெளிந்த பகுதியை மட்டும் எடுத்தால் நீங்கள் நினைக்கும் வலு அதில் இராது. வெந்நீரில் வைத்துப் படிகம் முழுவதும் கரைந்த பிறகே எடுங்கள். இரும்பு பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் என்பதால் உலோகக் கரண்டியையும் தவிர்க்கிறேன். அடுத்த முறை 5 சதவீதமாகவே செய்துகொள்ளப் போகிறேன்.

வெற்றி முழுமையானதல்ல. பதினான்காம் நாள் 0.5 புட்டியையும் அமிலம் இல்லாத புட்டியையும் அடுத்தடுத்துச் சுவைத்தபோது, அமிலம் உள்ளதில் வெனிலா தெளிவாக மெலிந்திருந்தது. வெனிலின் புட்டியில் சும்மா இருப்பதில்லை. பிஜியோடு வினைபுரிந்து அசிட்டால் என்ற வேறொரு சேர்மமாக மாறுகிறது, இதை 2018 இலேயே ஆய்வில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அசிட்டால் உருவாவதை அமிலம் விரைவுபடுத்தும் என்பது வேதியியலின் பாலபாடம். புளிப்புக்காக நான் இட்ட அதே சொட்டு வெனிலாவைத் தின்றுவிட்டது என்பதே என் கணிப்பு. இதைச் சோதிக்க, அமிலம் இல்லாமல் இருபத்தொரு நாள் ஊறிய புட்டியிலிருந்து ஐந்து கிராம் தனியே எடுத்து, அன்றே அமிலத்தைச் சேர்த்துப் பார்த்தேன். வெனிலாவும் இருந்தது, பழமும் இருந்தது. ஆகவே இனி அமிலம் ஊறும் கலவைக்குள் போகாது. புட்டியைப் பயன்பாட்டுக்கு எடுக்கும் நாளில் மட்டுமே சேரும்.

கிரீம் எசன்ஸைப் பொறுத்தவரை, வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல், அசிட்டைல் புரோப்பியோனைல், அசிட்டோயின் ஆகிய மூன்றுக்கும் ஆய்வு முடிவை வெளியிடும் விற்பனையாளர்களிடம் மட்டுமே வாங்குகிறேன். அமெரிக்காவின் மிசௌரியில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் மூச்சுக்குழாய்களைச் சிதைத்த, 2000 இல் தெரியவந்த நோய் பின்னர் வெண்ணெய் மணத்தின் டைஅசிட்டைலோடு தொடர்புபடுத்தப்பட்டது. அதே பொருளை உண்பதில் தடையில்லை. உண்ணத் தகுந்தது என்ற முத்திரை வயிற்றுக்கானது, நுரையீரலுக்கானதல்ல. மாலிக் அமிலத்துக்கும் இது பொருந்தும், ஆகவேதான் அளவைக் கூட்டாமல் குறைக்கும் பக்கமாகவே தேடுகிறேன். எண்ணெயில் கரைந்த எதையும் தொடுவதில்லை: 2019 இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், ஆராயப்பட்ட 51 நோயாளிகளுள் 48 பேரின் நுரையீரல் கழுவு நீரில் வைட்டமின் ஈ அசிட்டேட் இருந்தது.

அடுத்து அசிட்டைல் பைரசினைக் கால் சதவீதம் இட்டு, இதே ஸ்ட்ராபெரிக்கு அடியில் ஒரு பிஸ்கட் அடித்தளம் அமைக்க விரும்புகிறேன். 5 சதவீதக் கரைசல் வந்து சேர்ந்துவிட்டது, மூடியைத் திறந்ததும் அறை முழுவதும் வறுத்த சோள மணம். குளிர்ச்சிக்கு டபிள்யூஎஸ்-23 வேண்டுமா என்பதில் இன்னும் முடிவெடுக்கவில்லை, புளிப்பும் குளிர்ச்சியும் ஒன்றாக வந்தால் கிரீம் காணாமல் போகும் என்று நினைக்கிறேன். அதற்குள் அமிலம் இல்லாத புட்டியில் மீதமுள்ளது இருபத்தெட்டாம் நாளை எட்ட வேண்டும். அன்று 0.5 ஐயும் 0.4 ஐயும் பக்கம் பக்கமாக வைத்துச் சுவைத்துவிட்டு அளவை உறுதி செய்கிறேன்.