மெர்சோவின் முகத்தைக் கீற வேண்டாம்

ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலைச் சித்திரக்கதையாக்கலாமா என்று கிளிநொச்சியில் படம் கீறுகிற தம்பி ஒருவன் கேட்டான். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 1942இல் வந்த நாவல், வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தும் கனகாலம். பிரெஞ்சில் ழாக் ஃபெராண்டெஸ் 2013இல் இதைச் சித்திரக்கதையாக்கினார். அல்ஜியர்ஸில் பிறந்தவர், நீர்வண்ணத்தில் கெட்டிக்காரர். ஆனால் கதையைச் சொல்கிற நாயகன் மெர்சோவுக்கு முகம் கொடுத்துவிட்டார். எனக்கு அதில்தான் உடன்பாடில்லை.

தாய் செத்ததையும் கடலில் குளித்ததையும் ஒரே குரலில் சொல்கிறவன் மெர்சோ. அந்தக் குரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிடிபடாமல்தான் கடைசிவரை வாசிக்கிறோம். முகம் கீறினால், வாயை எப்படி வைத்தாலும் அது ஒரு பதிலாகிவிடும்.

"அப்ப என்னத்தைக் கீறுறது அண்ணை?"

மெர்சோ பார்ப்பதைக் கீறு என்றேன். தாயின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவன் குடித்த பால் கோப்பி பிறகு கொலை வழக்கில் நீதிமன்றத்தில் குற்றமாக வருகிறதல்லவா, அங்கே அதே கட்டத்தை ஒரு கோடும் மாற்றாமல் திரும்ப வைத்தால் போதும், இதை எழுத்தால் செய்ய முடியாது. வெயிலுக்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் மத்தியானம் போய் நிற்கச் சொன்னேன்: நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும், வள்ளத்தின் நீலம் கறுப்பாகத் தெரியும், ஈரமணலைப் பார்க்கக் கண் கூசும். கடற்கரையில் ஓர் அரபியைத் துப்பாக்கியால் சுடும் நேரத்தில் வியர்வை கண்ணை மூடி மெர்சோவுக்கு ஒன்றுமே தெரிவதில்லை, அந்தப் பக்கத்தை வெறும் வெள்ளையாக விடலாம்.

சரி, சுடப்பட்ட அரபி? நாவலில் அவனுக்குப் பெயரில்லை, பாறை நிழலில் முகமும் சரியாகத் தெரியவில்லை, வழக்கிலும் அவனைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. பெயரில்லாமல் ஒருவன் செத்துக் கிடப்பதைச் சும்மா கடந்துபோக வன்னியில் இருக்கிற எங்களால் ஏலாது. ஆனால் கடற்கரைக்குப் புறப்படும் முன்னர் புகையிலைக் கடை வாசலில் சில அரபிகள் சாய்ந்து நின்று பேசாமல் பார்க்கிறார்கள். தன்னோடு பகையாக இருப்பவன் இடப்பக்கமிருந்து இரண்டாவது ஆள்தான் என்று மெர்சோவின் அயல்வீட்டு ரேமோன் காட்டுகிறான்; பிறகு சுடப்படுகிறவனும் அவன்தான். மெர்சோ அப்போது பார்க்கிறான், அதனால் எங்கள் விதியும் உடையாது. அந்த இரண்டாவது ஆளின் முகத்தை ஒரு முழுப் பக்கத்துக்குக் கீறச் சொல்லியிருக்கிறேன். தம்பி அதில்தான் தொடங்கப் போகிறான்.