எடுக்கத் தவறிய ஒரு குழாய் ரத்தம்

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட வேலை செய்துவந்த நாற்பது வயதுப் பெண் ஒருவரை, ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சேலத்தில் நான் பணியாற்றிய மருத்துவமனைக்கு ஓர் இரவு அழைத்து வந்தார்கள். மூச்சிரைப்பு, கால்வீக்கம், காய்ச்சல்; கீழிமை வெளுத்துப்போயிருந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 5.4 கிராம். இதயம் திணறத் தொடங்கியிருந்ததால் மெதுவாக ரத்தம் ஏற்றினோம். அந்த முடிவு சரியானதே என்று இன்றும் கருதுகிறேன். ஆனால் கொடையாளரின் ரத்தம் ஒத்துப்போகுமா என்று பார்க்கும் கிராஸ்மேட்சுக்காக ரத்தம் எடுத்தபோதே, சோகையின் காரணத்தை அறிவதற்கும் இன்னொரு குழாய் எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரில், கொடையாளரின் சிவப்பணுக்களும் நோயாளியின் வெளுத்த, சிறிய சிவப்பணுக்களும் கலந்து கிடந்தன. இரும்புச்சத்துக் குறைவா, பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்தக் கோளாறின் லேசான வடிவமா என்பதைப் பிரித்துக் காட்டும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையை, ஏற்றிய அணுக்கள் மறைவதற்காக மூன்று மாதம் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் அல்லவா! உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 60 என்று வந்தது. நலமாக இருப்பவரிடம் அது போதிய சேமிப்பைக் குறிக்கும். காய்ச்சலில் தானாகவே ஏறிவிடும் அளவு அது என்பதால், எங்களுக்கு அது எதையும் உறுதிப்படுத்தவில்லை.

விடை கிடைத்தது செவிலியர் ஒருவரின் கேள்வியில்தான். "மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கும்க்கா?" என்று அவர் கேட்க, "பத்து நாள்தாங்க, எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றார் நோயாளி. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையை ஏற்கெனவே ஓரிடத்தில் கொடுத்திருந்தார்கள். மலம் கறுத்ததைக் கண்டு பயந்து நான்காம் நாளே நிறுத்தியிருக்கிறார். அப்படிக் கறுக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எடுத்துக்கொண்ட மூன்று நாளும், இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் தேநீரோடுதான் விழுங்கியிருக்கிறார்.

தொற்று இருக்கும்போது ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றக் கூடாது என்பதால், காய்ச்சல் தணிந்த பிறகே அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசிமருந்தைத் தொடங்கினோம். கட்டிக்காக மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினோம். வீட்டுக்குப் புறப்படும்போது, மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம் என்றேன். "காப்பிக் காட்டுல வேல செய்யறவகிட்ட போய் இதச் சொல்றீங்களே" என்று சிரித்தவர், விடியற்காலைக் காப்பியை விட முடியாது, மாத்திரையை வேண்டுமானால் இரவில் போட்டுக்கொள்கிறேன் என்று தாமே தீர்த்துச் சொன்னார். அதையே சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.