எட்டு மாதம் தேடிய எம்எக்ஸ்-5

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்குவது என்று 2023 செப்டம்பரில் முடிவெடுத்தேன். வண்டி வாசலில் வந்து நின்றது 2024 மே மாதம். லெஸ்டரில் நர்ஸ் வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. தூங்கியது போக மிச்சம் கிடைத்த நேரமெல்லாம் இந்தத் தேடலில்தான் போனது. நேரில் போய்ப் பார்த்தவை ஒன்பது வண்டிகள். இங்கிலாந்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர் எப்படித் தேடினாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பா சிங்காநல்லூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர். அடிபட்டு நசுங்கி வரும் வண்டியைத் தட்டி நிமிர்த்தி, அரித்துப்போன தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கும் வேலை. 2003-ல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்த பிறகு, பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தமும் டயர் வாசனையும் அப்போதே உள்ளே இறங்கிவிட்டன. வேகமாகப் போக வேண்டும் என்ற ஆசை இல்லை. வளைவில் வண்டி நம் பேச்சைக் கேட்க வேண்டும், அதுதான் ஆசை.

அதற்குத்தான் எம்எக்ஸ்-5. என்ஜின் முன்னால், உந்துவது பின் சக்கரம், சீட் இரண்டே இரண்டு, துணிக் கூரை, எடை ஏறக்குறைய ஒரு டன். 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானதிலிருந்து இன்றுவரை மாஸ்டா இதை விடாமல் செய்கிறது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. அதனால் பழைய வண்டிகளும் உதிரி பாகங்களும் இங்கே தாராளமாகக் கிடைக்கும்.

என் கையில் இருந்தது 4,000 பவுண்ட். இதில் நான்கு தலைமுறை உண்டு. முதல் தலைமுறை 1989 முதல் 1997 வரை, முகப்பு விளக்கு தவளைக் கண் மாதிரி எழும்பி நிற்கும். அதில் நல்லவை எல்லாம் இப்போது சேகரிப்பாளர்கள் கையில், விலையும் அதற்கேற்ற மாதிரி. 2015-ல் வந்த நான்காவது தலைமுறை என் பணத்துக்கு எட்டவே எட்டாது. மிஞ்சியவை 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாவதும், 2005 முதல் 2015 வரை வந்த மூன்றாவதும். முதலில் மூன்றாவதையே தேடினேன். வயது குறைவு, தொல்லையும் குறைவாக இருக்கும் என்று ஒரு கணக்கு.

தேட ஆரம்பித்ததும் அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "அந்த ஊர்ல ரோட்டுக்கு உப்பு போடுவாங்களாமே, நெசமா கண்ணு?" என்பதுதான். நிஜம்தான். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க லாரியில் உப்பு கொட்டிக்கொண்டே போவார்கள். "அப்படின்னா என்ஜினைக் கடைசியாப் பாரு. என்ஜின் கெட்டா எறக்கி ஏத்திக்கலாம். பாடி போச்சுன்னா வண்டியே போச்சு" என்றார். எட்டு மாதமும் இந்த ஒரு பேச்சைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இந்த வண்டியில் துரு பிடிக்கும் இடங்கள் ஊரறிந்தவை. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் பெட்டி மாதிரி ஒரு தகடு ஓடும். இங்கே சில் என்பார்கள், அப்பாவுக்கு அது ரன்னிங் போர்டு. அதன் பின்முனை, பின் சக்கரத்தை ஒட்டிய ஒரு சாண் இடம், முதலில் போகும். மேலே துணிக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துளைகள் வழியாகக் கீழே வடிய வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, தகட்டை உள்பக்கத்திலிருந்து தின்னும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். இரண்டாம் தலைமுறையில் இதோடு முன்பக்க சேசிஸ் ரயிலும், அதாவது வண்டியின் முன்பகுதியை அடியில் தாங்கும் நீளமான சட்டமும், சேரும். இரட்டைத் தகடாகச் செய்த இடத்தில் நடுவே ஈரம் தங்கி அரிக்கும். கீழே படுத்துப் பார்த்தால் ஒழிய அது தெரியாது.

படுத்துப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. என் நேரத்தையும் ரயில் காசையும் மிச்சப்படுத்தியது அதுதான். இங்கே மூன்று வயதைக் கடந்த கார்களுக்கு வருடா வருடம் எம்ஓடி பரிசோதனை, அதாவது ரோட்டில் ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது. 2005-லிருந்து நடந்த பரிசோதனைகளின் முடிவு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் போதும்: எந்தத் தேதியில் பாஸ், எதில் ஃபெயில், அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது, பரிசோதித்தவர் எதை எச்சரித்தார், எல்லாம் வரும். நம் ஊரில் ஆர்.சி. புக்கையும் புரோக்கர் வாயையும் வைத்து ஊகித்துக்கொண்டிருந்ததை நினைத்தால், இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். பாஸ் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக்கூடாது. ஒரு வண்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து 'சில் அரித்திருக்கிறது' என்று எச்சரிக்கை. மூன்றாம் வருடம் ஃபெயில். இரண்டே நாளில் பாஸ். இரண்டு நாளில் என்ன செய்திருப்பார்கள்? ஓட்டைமேல் ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். இன்னொரு வண்டியில் வருடத்துக்கு 300 மைல், அப்படியே ஆறு வருடம். விற்பவருக்கு அது பெருமை. எனக்கோ, ஈரமான கொட்டகையில் சும்மாவே நின்ற வண்டி என்று தோன்றியது. எச்சரிக்கையே இல்லாமல் சுத்தமாக வந்துகொண்டிருந்த வண்டிக்குத் திடீரென்று 'அடிப்பகுதி முழுக்கப் பூச்சு பூசப்பட்டுள்ளது' என்று குறிப்பு வந்தால், துருவை மறைக்கப் பூசியிருக்கலாம் என்று அதையும் நான் தள்ளிவைத்தேன். இப்படியே நாற்பதுக்கும் மேற்பட்ட விளம்பரங்களைக் கழித்த பிறகு நேரில் பார்க்க மிஞ்சியவைதான் அந்த ஒன்பது.

முதலில் பார்த்தது பர்மிங்காம் பக்கம் ஒரு டீலரிடம், 2007-ம் வருடத்து மூன்றாம் தலைமுறை, 2 லிட்டர். வெள்ளி நிறம், பளபளவென்று இருந்தது. நான் போகும்போதே பானட் சூடாக இருந்தது. குளிர்ந்த என்ஜினை எனக்கு முன்னால் ஸ்டார்ட் செய்யுங்கள் என்று போனில் சொல்லித்தான் கிளம்பியிருந்தேன். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தால், முனையில்கூட ஆயில் படவில்லை. அந்த வயது 2 லிட்டர் என்ஜின்களில் ஆயில் குறைகிற வழக்கம் உண்டு, கவனிக்காமல் ஓட்டினால் பேரிங் போய்விடும். அப்புறம் அங்கே நிற்க வேலையில்லை.

டிசம்பரில் பார்த்த ஒன்றில் வண்டி நன்றாகத்தான் இருந்தது, காகிதம்தான் சரியில்லை. இதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன், அதாவது வண்டிமேல் கடன், இருந்தால் எழுதியிருக்கும். இங்கே வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் கடன் விவரம் இருக்காது. அதில் பெயர் இருப்பவர் வண்டியைப் பதிவு செய்து வைத்திருப்பவர், அவ்வளவுதான். அது உரிமைக்குச் சான்று இல்லை என்று அந்தப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். கடன், திருட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு முறை கழித்த வண்டியா என்பதையெல்லாம் காசு கட்டித் தனியாகத்தான் பார்க்க வேண்டும். 15 பவுண்ட் கட்டிப் பார்த்தேன், கடன் பாக்கி இருந்தது. நீ கொடுக்கும் பணத்தில் கட்டிவிடுகிறேன் என்றார் விற்பவர். கட்டி முடித்த கடிதத்தைக் காட்டுங்கள், வருகிறேன் என்றேன். அந்தக் கடிதம் வரவே இல்லை.

மனசு உடைந்தது மார்ச் மாதத்தில். மூன்றாம் தலைமுறையில் என் விலைக்கு வந்தவை எல்லாம் ஏதோ ஒரு குறையோடு இருந்ததால் இரண்டாம் தலைமுறைக்கு இறங்கியிருந்தேன். கிரிம்ஸ்பி பக்கம், கடலோர ஊர், 2003-ம் வருடத்து வண்டி. ரத்தச் சிவப்பு. வாசலில் நின்றதைப் பார்த்ததுமே பர்சில் கை போனது. அப்பாவை வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டேன். கோவையில் அப்போது சாயங்காலம், டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்தார்.

"காந்தம் கொண்டாந்தியா கண்ணு?"

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பெயின்ட்டில் கீறல் விழக்கூடாதே. கதவுக்குக் கீழே முன்பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்தச் சொன்னார். ஒட்டிக்கொண்டே வந்தது. பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் பிடி விட்டு, கைக்குட்டையோடு கீழே விழுந்தது. இன்னொரு பக்கமும் அதே இடத்தில் விழுந்தது.

"பட்டி பாத்திருக்கான்" என்றார் அப்பா. தகடே இல்லாத இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே அழகாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கீழே குனிந்து போன் விளக்கை அடித்தேன், அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. "எந்திரிச்சு வா கண்ணு. வேற பாத்துக்கலாம்." அந்தக் குரலில் இருந்த நிதானம்தான் என்னை அங்கிருந்து நடக்கவைத்தது. திரும்பும் ரயிலில் முழு நேரமும் அந்தச் சிவப்பு கண்ணிலேயே நின்றது.

அப்புறம் ஒரு மாதம் எதையும் தேடவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஷ்ரூஸ்பரி பக்கம் ஒரு விளம்பரம். 2004, 1.8 லிட்டர், அடர் நீலம், 97,000 மைல், கேட்ட விலை 3,600. படத்திலேயே பானட் வெளுத்திருந்தது தெரிந்தது. எம்ஓடி வரலாற்றில் 2019-ல் சில் எச்சரிக்கை, 2021-ல் இரண்டு பக்கமும் ஃபெயில். வழக்கமாக இங்கேயே நிறுத்திவிடுவேன். ஆனால் ஃபெயிலுக்கும் அடுத்த பாஸுக்கும் நடுவில் ஐந்து வாரம் இருந்தது. இரண்டு நாள் இல்லை, ஐந்து வாரம். அதற்குப் பிறகு வந்த இரண்டு பரிசோதனைகளிலும் துரு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஐந்து வாரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். முழங்கால் வலி, இவ்வளவு தாழ்வான சீட்டில் ஏறி இறங்க முடியவில்லை, அதனால் விற்கிறார். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு தடித்த ஃபைலை மேசைமேல் வைத்தார். பதினான்கு வருட ரசீது. 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதும் அதில் இருந்தது. நடுவே 2021-ல் எடுத்த புகைப்படங்கள்: சில்லை வெட்டித் திறந்தது, அரித்த உள்தகட்டை எடுத்தது, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தது, உள்ளே மெழுகு பீச்சியது.

அப்பாவுக்கு ஒவ்வொரு படமாகக் காட்டினேன். ஒரு படத்தில் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "வெளித்தகட்டை மட்டும் ஒட்டிட்டு விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. உள்தகட்டையும் மாத்தியிருக்கான் பாரு. யாரோ நல்ல வேலைக்காரன்" என்றார். காந்தம் கடைசிவரை ஒட்டிக்கொண்டே போனது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, சீட்டுக்குப் பின்னாலிருந்த துளையில் ஊற்றினேன். கீழே பின் சக்கரத்துக்கு முன்னால் சொட்டுச் சொட்டாக இல்லாமல் நேராக வழிந்தது. இரண்டு பக்கமும்.

முன்பக்க சேசிஸ் ரயிலை மட்டும் நம்பிக்கையின் பேரில் விட மனசில்லை. பெரியவரின் சம்மதத்தோடு பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் 60 பவுண்ட் கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். மேலோட்டமான துரு, தட்டினால் கெட்டிச் சத்தம். பின் பிரேக் கேலிப்பர் ஒன்று இறுகியிருந்தது, இந்த வண்டிகளில் அடிக்கடி வருவதுதான். பின் டயர் இரண்டிலும் 1714 என்று குறி, அதாவது 2014-ம் வருடம் பதினேழாவது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்றாலும் பத்து வயது டயரில் மழையில் ஓட்டக்கூடாது. இந்த இரண்டையும் சொல்லி 3,200 கேட்டேன். 3,300-க்கு முடிந்தது.

ஓட்டிப் பார்த்ததைப் பற்றி நிறைய எழுத ஆசை, ஆனால் மூன்றே மைல்தான் ஓட்டினேன். குட்டைக் கியர் லீவர், மணிக்கட்டை அசைத்தால் போதும், அடுத்த கியர். குறுகலான கிராமத்துச் சாலை, வேலி ஓரமாக ஒரு வளைவு. ஸ்டீயரிங்கை நான் எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவுதான் வண்டி திரும்பியது. இருபது வருடம் முன்னால் செட்டிபாளையத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தது அப்போதுதான் கைக்கு வந்தது.

காகித வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. பெரியவர் இணையத்திலேயே கைமாற்றத்தைப் பதிந்துவிட்டு, வி5சி-யில் பச்சை நிறத் துண்டைக் கிழித்து என்னிடம் தந்தார். பழைய ஓனர் கட்டிய வரி இங்கே நமக்கு வராது, 2014 அக்டோபரிலிருந்து அப்படித்தான். அந்தத் துண்டில் இருக்கும் எண்ணை வைத்துப் போனிலேயே வரி கட்டி, இன்ஷூரன்ஸ் தொடங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் சாவியைத் திருப்பினேன். தனி ஆளிடம் வாங்கியதால், டீலரிடம் வாங்கிய வண்டியில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக்கொடுக்க இருக்கும் உரிமை எனக்குக் கிடையாது. அது தெரிந்துதான் லிஃப்ட், ஃபைல், காந்தம் என்று இவ்வளவும்.

கேலிப்பர் மாற்றியாயிற்று, டயர் நான்கும் புதிது. பானட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஆகஸ்டில் முதல் முறையாக இங்கே வருகிறார். விசா வந்துவிட்டது. வெல்டிங் அடித்த இடத்தைத் தானே தட்டிக் கேட்க வேண்டுமாம். பட்டறையில் வைத்திருந்த அந்தச் சின்னச் சுத்தியலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.