கட்டாரி முன்னால் அரை மணி நேரம்

சொகுசுக் கார், ஆக்‌ஷன் படம், பழங்கால ஆயுதம். இந்த மூன்றில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் எனக்கு நேரம் போவதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம் போயிருந்தேன். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் முன்னால் நின்றவன் அரை மணி நேரம் நகரவே இல்லை. மற்ற கத்திகளில் பிடி, அலகின் நேர்கோட்டில் இருக்கும். கட்டாரியில் அது குறுக்கே, இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே. கையை மடக்கிப் பிடித்தால் முஷ்டியிலிருந்தே அலகு முளைத்தது போல இருக்கும். குத்தும்போது தோளின் பலம் முழுக்க முனையில் இறங்கும். விரல்களை மறைக்க இலை மாதிரி வளைந்த தகடு, அதில் துளையிட்ட பூவேலை. சண்டைக்குப் போகிற பொருளுக்கு எவ்வளவு நகாசு!

இதே கைவேலை மயக்கம்தான் 1963இல் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார் மீதும். மெல்லிய எஃகுக் குழாய்களில் கூடு கட்டி, மேலே அலுமினியக் கலவைத் தகடு போர்த்திய உடல். 1964 பாண்ட் படத்தில் அதன் இருக்கை ஆளோடு மேலே பறக்கும் காட்சி இன்றும் சிலிர்க்க வைக்கிறது.

அப்புறம் வளரி, வீசி எறிகிற வளைந்த ஆயுதம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருதுதான் என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிராக வந்த படையிலும் அதே வெல்ஷ் இருந்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அடுத்த முறை தம்பி மகனையும் கூட்டிப் போகிறேன்.