ஏரியா எஃப் முடிக்க நான் பட்ட பாடு

இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு மாறப்போகிறவர்களா? முதலில் ஏரியா எஃப் பாடத்தை, அதாவது பட்டத்துக்குக் கட்டாயமான எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழுக்களைப் பற்றிய படிப்பு) பாடத்தைச் சரிபாருங்கள். எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க அதிலேயே போனது. கோபம் இன்னும் ஆறவில்லை.

2020-ல் வந்த கலிஃபோர்னியாவின் ஏபி 1460 சட்டப்படி எத்னிக் ஸ்டடீஸில் 3 யூனிட் கட்டாயம். பூர்வகுடிகள், கறுப்பினத்தவர், ஆசிய அமெரிக்கர், லத்தீனோ மக்கள் என நான்கு துறைகளில் ஒன்றில் எடுக்கலாம். எங்கள் கவுன்சலர் அமெரிக்காவின் பலதரப்பட்ட சமூகங்களின் வரலாறு என்ற பாடத்தைக் காட்டி, "இது போதும், சேர்ந்துவிடு" என்றார். சேர்ந்தேன், நன்றாகவே முடித்தேன். யுனிவர்சிட்டியில் இடமும் கிடைத்தது. பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட்டைத் திறந்தால் ஏரியா எஃப் மட்டும் காலி!

காரணம் இதுதான்: நான் படித்தது வரலாற்றுத் துறையின் குறியீட்டில் இருந்த பாடம். எத்னிக் ஸ்டடீஸ் துறைகளின் குறியீடு இருக்க வேண்டும், அல்லது அவற்றோடு சேர்த்துப் பட்டியலிட்டிருக்க வேண்டும். உள்ளடக்கம் எவ்வளவு பொருந்தினாலும் கணக்கில் வராது. யுனிவர்சிட்டியில் கேட்டால் "காலேஜைக் கேள்" என்றார்கள். காலேஜில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், "யுனிவர்சிட்டிதான் முடிவு செய்யும்" என்றார். சிலபஸ் வைத்து மனு கொடுத்தேன், நிராகரித்துவிட்டார்கள். அந்த யூனிட்கள் சமூக அறிவியல் பகுதியில் சேர்ந்துகொண்டன, அதுவரை ஆறுதல்.

விதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது. தங்கள் வரலாற்றுக்குத் தனித் துறை வேண்டும் என்று அடிவாங்கி, சிறை சென்று பெற்ற இடம் அது. மற்றத் துறைகள் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அதை மாணவருக்குச் சொல்வதுதானே கவுன்சலரின் வேலை?

அப்புறம் கோடையில் வேறொரு காலேஜில் ஆன்லைனில் ஆசிய அமெரிக்க வரலாறு எடுத்தேன். இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதையும், இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபி விவசாயிகள் மெக்சிகப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தியதையும் அங்கேதான் படித்தேன். 1965-ல் டிலேனோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் என்பதும் எனக்குப் புதுச் செய்தி. கட்டாயத்துக்கு எடுத்த பாடம்தான், ஆனால் காலேஜில் நான் படித்ததிலேயே சிறந்தது இதுதான்.

பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எந்தக் காலேஜ் பாடம் யுனிவர்சிட்டியில் எதற்குக் கணக்காகும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில், நீங்கள் படிக்கப்போகும் ஆண்டையே தேர்ந்தெடுத்து, அந்தப் பாடம் ஏரியா எஃப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 இலையுதிர் பருவம் முதல் காலேஜில் சேர்ந்தவர்களுக்குப் பொதுப்பாடங்களுக்கான கால்-கெட்சி முறை, அதில் எத்னிக் ஸ்டடீஸ் ஏரியா 6. கவுன்சலர் சொல்வதை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பச் சொல்லும்போதே பொதுப்பாடங்களை முடித்ததற்கான ஜிஇ சர்டிஃபிகேஷனையும் சேர்த்துக் கேளுங்கள், தானாக வராது.